கண்ணாடித் தொட்டியைக் கழுவியவள்

அந்தப் பள்ளிக்கூடத்தில் அவளைப் பளிச்சு என்றுதான் கூப்பிட்டார்கள். பெற்றவர்கள் ஆசையாக வைத்த பெயர் வருகைப் பதிவேட்டில் தூங்கிக்கொண்டிருந்தது. மூன்று மாடி, இருபத்தாறு வகுப்பறை, பன்னிரண்டு கழிப்பறை, ஒரு அறிவியல் ஆய்வகம். இத்தனைக்கும் துடைப்பம் பிடிக்க இவள் ஒருத்தி. இன்னொருத்தியைப் போடுங்கள் என்று கேட்டுக் கேட்டு அலுத்துப்போனவள், எவள் வந்தாலும் தன்னைப் போலக் கழுவ மாட்டாள் என்று தன்னையே சமாதானம் செய்துகொண்டாள். அவள் துடைத்த தரையில் முகம் பார்த்துத் தலை வாரலாம். அதில் அவளுக்குக் கொஞ்சம் தலைக்கனமும் உண்டு. இருந்துவிட்டுப் போகட்டுமே. வேறு எதை வைத்து அவள் தலைக்கனம் பிடித்து அலைய முடியும்?

சுத்தம் அவளுக்குப் பழக்கத்தால் வந்ததல்ல, பயத்தால் வந்தது. முதல் பிள்ளை ஆண். பதினோராம் மாதத்தில், நாலே நாள் வயிற்றுப்போக்கில் போய்விட்டது. ஆஸ்பத்திரியில் டாக்டர் மூக்குக் கண்ணாடியைத் துடைத்தபடியே, "குடிக்கிற தண்ணி சுத்தமில்லம்மா, அதான்" என்றார். வேறொன்றும் சொல்லவில்லை. புருஷன் அந்த வார்த்தையைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டான். ஒரு குடம் தண்ணியைச் சுத்தமா வச்சுக்கத் துப்பில்லாதவ என்று தெருவெல்லாம் சொல்லிவிட்டு, அந்தச் சாக்கிலேயே இன்னொருத்தி வீட்டில் போய் உட்கார்ந்துகொண்டான். அப்போது இவள் வயிற்றில் மகள் ஆறு மாதம். அன்றிலிருந்து பாசி, வழவழப்பு, கலங்கல் எதைப் பார்த்தாலும் அவளுக்கு ரத்தம் கொதிக்கும். அது அவள் பிள்ளையைத் தின்ற சனியன்.

மகள் அதே பள்ளிக்கூடத்தில் படித்தாள். ஊழியர் பிள்ளை என்ற பேரில் எட்டாம் வகுப்பு வரை கேள்வி கேட்காமல் இடம் கொடுப்பார்கள். ஒன்பதாம் வகுப்புக்குள் போக, பாட ஆசிரியர் ஒருவர் சிபாரிசு எழுத வேண்டும். மகள் படிப்பில் சுட்டி, வாயிலும் சுட்டி. அந்த இரண்டாவது சுட்டித்தனம்தான் அம்மாவுக்கு எப்போதும் ஒரு பயமாக இருந்தது.

ஆய்வகத்தில் ஜன்னல் ஓரமாக ஒரு பெரிய கண்ணாடித் தொட்டி இருந்தது. அறிவியல் சார் மூன்று வருஷமாகப் பிள்ளை மாதிரி வளர்த்தது. அடியில் கூழாங்கல்லும் குளத்துச் சேறும், அதன் மேல் அழுகிய இலை, நடுவே தண்ணீர்ச் செடி, கண்ணாடி முழுக்கப் பச்சைப் பாசி, நத்தைகள், விரல் நகம் அளவுக்கு ஏழு மீன்கள். சார் அதைச் சூழல் மண்டலம் என்பார். செடியும் பாசியும் வெயிலை வாங்கித் தங்கள் சாப்பாட்டைத் தாங்களே சமைத்துக்கொள்ளும், அவை உற்பத்தியாளர்கள். அவற்றைத் தின்று பிழைக்கிற நத்தையும் மீனும் நுகர்வோர். செத்ததையும் கழிந்ததையும் மக்கவைத்து மறுபடி செடிக்கே உரமாகக் கொடுக்கிற, கண்ணுக்குத் தெரியாத ஒரு கூட்டம் சேற்றுக்குள் இருக்கிறது, அவை சிதைப்பவை. வெயிலையும், ஆவியாகிப்போனதற்கு ஈடாக மூலையிலிருக்கும் நீல ட்ரம்மிலிருந்து ஒரு குவளைத் தண்ணீரையும் தவிர, வெளியிலிருந்து ஒன்றும் வேண்டாம். இதெல்லாம் பிள்ளைகளுக்குச் சொன்னது. பளிச்சுவிடம் அவர் சொன்னது ஒரே வார்த்தை, "தொடாதே." ஏன் என்று சொல்லவில்லை. துடைப்பம் பிடிக்கிறவளுக்குக் காரணம் எதற்கு?

அவளும் மூன்று வருஷம் தொடவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு சுற்றி வந்து துடைத்தாள்.

பிறகு ஒரு சனிக்கிழமை. திங்கட்கிழமை பள்ளியைப் பார்வையிடப் பெரிய அதிகாரிகள் குழு வருகிறது. அறிவியல் சார் மச்சினன் கல்யாணத்துக்கு வெளியூர் போயிருந்தார். தலைமையாசிரியர் அறை அறையாக மேய்ந்துகொண்டே வந்தவர், தொட்டிக்கு முன்னால் நின்று, கண்ணாடியின் உள்பக்கம் விரலை விட்டு இழுத்துப் பார்த்தார். விரலில் பச்சையாக ஒட்டிக்கொண்டு வந்தது.

"என்ன இது, ஆய்வகமா சாக்கடையா? திங்கக்கிழமை இந்த ரூம்ல ஒரு பொட்டு அழுக்கு இருக்கக் கூடாது."

"அந்தத் தொட்டியத் தொடக் கூடாதுன்னு சயின்ஸ் சார் சொல்லியிருக்காருங்க சார்."

"இந்த ஸ்கூலுக்கு ஹெட்மாஸ்டர் அவரா நானா? எல்லாத்தையும்னா எல்லாத்தையும்தான்."

சும்மா சொல்லக் கூடாது, அந்த வார்த்தை அவள் காதில் தேனாகத்தான் பாய்ந்தது. மூன்று வருஷத்து அரிப்பு. ஏழு மீனையும் நத்தைகளையும் பதமாக ஒரு வாளியில் எடுத்து வைத்தாள். சேற்றை இரண்டு கூடை அள்ளி வெளியே கொட்டினாள். அழுகிய இலை, வழவழக்கும் பாசி, ஒன்றையும் விடவில்லை; செடியை மட்டும் அலசி ஓரமாக வைத்தாள். மீனுக்கு ஆகாதென்று பவுடர் எதுவும் போடாமல், கூழாங்கல் ஒவ்வொன்றையும் பல் தேய்க்கிற பிரஷ்ஷால் தேய்த்தாள். மூலையிலிருந்த ட்ரம்மை எட்டிப் பார்த்தால், தண்ணீர் இரண்டு நாளாகத் திறந்தே கிடந்து தூசி படிந்திருந்தது. ட்ரம்மில் ஒரு சீட்டு இல்லை, எழுத்து இல்லை. இந்தப் பழைய தண்ணியையா பாவம் இந்த ஜீவனுங்களுக்கு ஊத்தறாரு என்று நொந்துகொண்டே அதையும் சாக்கடையில் கவிழ்த்தாள். குழாயைத் திறந்து, புத்தம் புதிய தண்ணீரைத் தொட்டி நிறையப் பிடித்தாள். செடியை நட்டு, நத்தைகளைப் போட்டு, மீன்களை விட்டாள். அவை இந்த மூலைக்கும் அந்த மூலைக்கும் அம்பு மாதிரி ஓடின. சந்தோஷத்தில் ஓடுகின்றன என்று நினைத்துக்கொண்டு, பாவி, கொஞ்ச நேரம் நின்று ரசித்துவிட்டு வேறு போனாள்.

திங்கட்கிழமை குழு உள்ளே வந்தபோது தண்ணீர் கண்ணாடியைவிடத் தெளிவாக இருந்தது. அதன் மேலே ஏழு மீனும் வயிற்றைக் காட்டி மிதந்தன. நத்தைகள் அடியில் வாய் திறந்து கிடந்தன. அதிகாரிகளில் ஒருவர் குனிந்து பார்த்து, "இதுதான் உங்க சூழல் மண்டலமா?" என்று கேட்டார். மற்றவர்கள் சிரித்தார்கள்.

உணவுச் சங்கிலியில் ஒரு படியிலிருந்து அடுத்த படிக்குச் சக்தியில் பத்தில் ஒரு பங்குதான் போய்ச் சேரும் என்று புத்தகத்தில் இருக்கிறது. பள்ளிக்கூடத்தில் திட்டு அப்படிப் போகாது, படி இறங்க இறங்கப் பத்து மடங்காகும். அதிகாரி லேசாகச் சிரித்தார். தலைமையாசிரியர் அறிவியல் சாரைக் கூப்பிட்டுக் கத்தினார். அறிவியல் சார் நேராகப் பளிச்சுவின் முன்னால் வந்து நின்றார்.

"என்ன பண்ணினே?"

அவள் அழுதுகொண்டே ஒன்று விடாமல் சொன்னாள். சேற்றைக் கொட்டியதை, கல்லைத் தேய்த்ததை, ட்ரம்மைக் கவிழ்த்ததை, குழாய்த் தண்ணீரைப் பிடித்ததை. கடைசியில், "பெரிய சார்தான் சொன்னாருங்க" என்றாள்.

தலைமையாசிரியர் அவள் முகத்தைக்கூடப் பார்க்கவில்லை. "நான் மேஜையத் துடைக்கச் சொன்னேன். இவள நாளையிலேர்ந்து வர வேணாம்னு சொல்லிடுங்க."

அவள் தலையில் இடி விழுந்தது. வேலை போனால் மகளுடைய இடமும் போகும். மகள் அப்போது நாலாம் வகுப்பு. அவள் வாயைத் திறப்பதற்குள் அறிவியல் சார் குறுக்கே வந்தார்.

"வேணாம் சார், இருக்கட்டும். பாடத்துக்கு ஆகும்."

என்ன அர்த்தத்தில் சொல்கிறார் என்று தெரியாமலே அவள் இரண்டு கையையும் கூப்பி அவரைக் கும்பிட்டாள். அதை நினைத்தால் இப்போதும் பற்றிக்கொண்டு வருகிறது.

அர்த்தம் அடுத்த வருஷம் தெரிந்தது. எட்டாம் வகுப்பில் சூழல் மண்டலம் பாடம் வந்ததும் சார் ஆள் அனுப்பிக் கூப்பிட்டார். கையில் அதே பிரஷ்ஷைக் கொடுத்துப் பலகை ஓரம் நிற்கவைத்தார். செத்த ஏழு மீனையும் மருந்துத் தண்ணீர் ஊற்றிய ஒரு பாட்டிலில் போட்டு, மனிதத் தலையீட்டின் விளைவு என்று சீட்டு ஒட்டி மேஜையில் வைத்திருந்தார்.

"இந்தத் தொட்டியில உற்பத்தியாளர் இருந்தாங்க, நுகர்வோர் இருந்தாங்க. எது காணாம போனதால எல்லாம் அழிஞ்சுது?"

"சிதைப்பவை சார்."

"யாரால?"

நாற்பது விரல்கள் அவளை நோக்கி நீண்டன. பிறகு அவள் பிரஷ்ஷால் எப்படித் தேய்த்தாள் என்று காற்றில் தேய்த்துக் காட்ட வேண்டும். பிள்ளைகள் சிரிப்பார்கள். பிள்ளைகளைக் குற்றம் சொல்லி என்ன, சிரிக்கத்தானே காட்டினார். எட்டாம் வகுப்பில் நாலு பிரிவு. வருஷத்துக்கு நாலு தடவை. ஒரே வருஷத்தில் பளிச்சு என்ற பெயர் போய்ப் பேரழிவு என்ற பெயர் வந்தது. நடைபாதையில் அவள் வாளியோடு வந்தால், "பேரழிவு வருது, வழி விடு" என்று ஒதுங்குவார்கள். அந்தப் பாட்டிலைத் தினமும் தூசி தட்டி வைப்பதும் அவள் வேலைதான்.

இரண்டாவது வருஷம் சார் புதுத் தொட்டி ஒன்று வைத்தார். பிள்ளைகள் சுற்றி நிற்க, இவள் பக்கத்து மேஜையைத் துடைத்துக்கொண்டிருந்தாள். ட்ரம்மில் இப்போது பெரிய எழுத்தில் சீட்டு ஒட்டியிருந்தது.

"குழாய்த் தண்ணிய அப்படியே ஊத்தக் கூடாது" என்றார் சார். "கிருமி சாக அதுல குளோரின் கலந்திருப்பாங்க. ரெண்டு நாள் திறந்து வச்சா போயிடும். அப்படியே ஊத்தினா ஒரே ராத்திரியில மீன் செத்துடும்."

அவள் கையிலிருந்த துணி அப்படியே நின்றது. ஒரே ராத்திரியில். அப்படியென்றால் இவருக்குத் தெரியும். அன்றைக்கு அழுதுகொண்டே அவள் குழாய்த் தண்ணீர் என்று சொன்னபோதே தெரியும். ட்ரம்மில் சீட்டு ஒட்டாதது அவர் தப்பு. காரணம் சொல்லாமல் தொடாதே என்று மட்டும் சொன்னது அவர் தப்பு. அதை மறைக்கத்தான் சேறு, சிதைப்பவை என்று இந்தக் கூத்தெல்லாம். அவள் நிமிர்ந்து அவரைப் பார்த்தாள். அவரும் பார்த்தார். அவளுக்குப் புரிந்துவிட்டது என்று அவருக்கும் புரிந்தது.

"அந்த மூலையையும் தொடை" என்றார்.

அவள் மூலையைத் துடைத்தாள்.

இதை அவள் நெஞ்சுக்குள்ளேயே போட்டுப் புதைத்திருக்க வேண்டும். ஒரு வருஷம் புதைத்துத்தான் வைத்தாள். மகள் ஏழாம் வகுப்பில் இருந்தபோது ஒருநாள் பையை வீசியெறிந்துவிட்டு வந்து உட்கார்ந்தாள். வகுப்பில் எவனோ, உங்கம்மா எந்த வகை, உற்பத்தியாளரா நுகர்வோரா என்று கேட்டிருக்கிறான். இன்னொருவன், எதுவுமில்ல, கொள்ளை நோய் என்றிருக்கிறான்.

"நீ ஏம்மா அப்படிப் பண்ணினே?" என்று மகள் கேட்டாள். "ஒரு சின்ன விஷயம்கூடத் தெரியாதா உனக்கு?"

அங்கேதான் அவளுக்கு வாய் நிற்கவில்லை. உலகமே முட்டாள் என்று சொல்லட்டும், பெற்ற மகள் சொல்லக் கூடாது. குழாய்த் தண்ணீரிலிருந்து ட்ரம் சீட்டு வரைக்கும் எல்லாவற்றையும் கொட்டிவிட்டாள். மகள் கேட்டுக்கொண்டே இருந்தவள், எழுந்து வந்து அம்மாவின் மடியில் தலை வைத்துப் படுத்துக்கொண்டாள். மூன்று வருஷத்தில் அவள் மனசு குளிர்ந்த ஒரே பொழுது அதுதான்.

அடுத்த வருஷம் மகள் எட்டாம் வகுப்பு, பி பிரிவு. பாடம் நெருங்கியதும் பளிச்சு ஆய்வகத்தில் சாரின் முன்னால் போய் நின்றாள்.

"சார், பி பிரிவுக்கு மட்டும் என்னைக் கூப்பிடாதீங்க சார். எம்பொண்ணு இருக்கா."

சார் சிவப்புப் பேனாவின் மூடியைத் திருகிக்கொண்டிருந்தார். "அறிவியல்ல அம்மா பொண்ணெல்லாம் கிடையாதும்மா. உண்மை ஒண்ணுதான். உன் பொண்ணு நல்லாப் படிக்குது. ஒன்பதாவதுக்கு அதுக்கு நான்தானே சிபாரிசு எழுதணும்? ஏன் வீணா மனசைக் கெடுத்துக்கிறே?"

குரலில் மிரட்டல் இல்லை. நலம் விசாரிப்பது மாதிரிதான் பேசினார். அன்று சாயங்காலமே மகளை உட்காரவைத்து, "என்ன நடந்தாலும் நீ வாயத் திறக்கக் கூடாது. ஒன்பதாவது உள்ள போயிட்டா அப்புறம் என்ன வேணா பேசு" என்றாள். மகள் அறிவியல் புத்தகத்தை எடுத்துப் பிரித்துக்கொண்டாள். சரி என்று தலையை மட்டும் ஆட்டவில்லை.

பி பிரிவில் அவள் பிரஷ்ஷோடு நின்றாள். மகள் மூன்றாவது வரிசை. சார் வழக்கம்போல ஆரம்பித்தார். எது காணாமல் போனது என்றார். சிதைப்பவை என்றார்கள். யாரால் என்றார். முப்பத்தொன்பது விரல்கள் நீண்டன. ஒன்று மட்டும் நீளவில்லை. அந்த விரலுக்குச் சொந்தக்காரி எழுந்து நின்றாள்.

"சார், ஒரு சந்தேகம்."

"கேளு."

"சிதைப்பவை இல்லன்னா கழிவு கொஞ்சம் கொஞ்சமாத்தான் சார் சேரும். தொட்டி கெட்டுப்போகப் பல நாள் ஆகும். ஒரே நாள்ல மீன் எப்படி சார் சாகும்? ஒளி, வெப்பம், தண்ணி எல்லாம் உயிரற்ற காரணின்னு நீங்கதான் சொன்னீங்க. அன்னிக்கு மாறினது தண்ணி சார். குழாய்த் தண்ணியில குளோரின் இருந்திருக்கு."

பளிச்சுவுக்கு ஒரு நொடி நெஞ்சு நிமிர்ந்தது. என் பிள்ளை, என் பிள்ளை என்று உள்ளே ஒரு குரல் குதித்தது. அடுத்த நொடி சாரின் முகத்தைப் பார்த்தாள். அவர் சிரித்துக்கொண்டிருந்தார்.

"நல்ல கேள்வி. ஊகம் வேணாம், சாட்சியையே கேட்டுடுவோம்." அவள் பக்கம் திரும்பினார். "சொல்லு, அன்னிக்கு எந்தத் தண்ணிய ஊத்தினே? ட்ரம்முல இருந்ததா, குழாய்லேர்ந்து பிடிச்சதா? யோசிச்சுச் சொல்லு."

யோசிக்க என்ன இருக்கிறது? ஒரு பக்கம் மகள், கண்ணெல்லாம் மின்ன அம்மாவையே பார்த்துக்கொண்டு நிற்கிறாள். இன்னொரு பக்கம் எழுதப்படாத ஒரு சிபாரிசுக் கடிதம். குழாய் என்று ஒரு வார்த்தை சொன்னால், நாலு வருஷ அவமானம் இந்த அறையிலேயே கழுவிப் போகும். மகள் நடுத்தெருவில் நிற்பாள்.

"ட்ரம்முல இருந்ததுதான் சார் ஊத்தினேன்" என்றாள்.

"குழாய்த் தண்ணி இல்லையே?"

"இல்லைங்க சார். அந்தச் சேறு அழுக்குன்னு நெனச்சுக் கொட்டிட்டேன். புத்தி கெட்டுப்போய்ப் பண்ணிட்டேன். அது சின்னப் பொண்ணு, ஏதோ தெரியாம பேசுது, மன்னிச்சிடுங்க."

"பாத்தியா?" என்றார் சார் மகளிடம், மிக அன்பாக. "தரவு இல்லாம முடிவுக்கு வரக் கூடாது. உக்காரு."

மகள் உட்கார்ந்தாள். வகுப்பு சிரித்தது. பளிச்சு காற்றில் தேய்த்துக் காட்டினாள்.

வீட்டில் மகள் சாப்பிடவில்லை, அழவும் இல்லை. புத்தகத்தை மூடி வைத்துவிட்டு நேராகக் கேட்டாள்.

"வீட்டுல சொன்னது பொய்யா, கிளாஸ்ல சொன்னது பொய்யா?"

பரீட்சைக்கு இன்னும் ஐந்து வாரம் இருந்தது. கடிதம் எழுத அதற்கு மேலும் ஆகும். உண்மையைச் சொன்னால் இவள் நாளைக்கே மறுபடி எழுந்து நிற்பாள். இவளை அவளுக்குத் தெரியாதா, பெற்றவள் அல்லவா?

"வீட்டுல சொன்னதுதான் பொய்" என்றாள். "நீ என்னைக் கேவலமா நெனச்சுடக் கூடாதேன்னு சொன்னேன்."

மகள் பாயை எடுத்துக்கொண்டு சுவர் ஓரமாகப் போட்டுப் படுத்தாள். அதற்குப் பிறகு அந்த வீட்டில் பேச்சு என்பது சாப்பாடு ஆச்சா, கதவைப் பூட்டியாச்சா என்ற அளவோடு நின்றது. நடைபாதையில் எதிரே வந்தால் மகள் மற்ற பிள்ளைகளோடு சேர்ந்து ஒதுங்கிப் போனாள்.

வருஷக் கடைசியில் சார் பளிச்சுவை ஆய்வகத்துக்குக் கூப்பிட்டார். மேஜையில் கையெழுத்துப் போட்ட சிபாரிசுக் கடிதம். அதன் பக்கத்தில் மகளின் விடைத்தாள்.

"வகுப்புலயே முதல் மார்க். ரெண்டையும் பெரிய சார் ரூம்ல கொடுத்துடு. வேணும்னா படிச்சுப் பாரு, உன்னப் பத்தித்தான் எழுதியிருக்கு."

அவள் அஞ்சாம் வகுப்பு வரை படித்தவள். எழுத்துக் கூட்டித்தான் படிப்பாள். ஒரு தொட்டிச் சூழல் மண்டலம் அழிந்த நிகழ்வை ஆராய்க என்று கேள்வி. பத்து மதிப்பெண். மகளின் குண்டு குண்டான எழுத்து, ஒரு அடித்தல் திருத்தல் இல்லை. உற்பத்தியாளர், நுகர்வோர், சிதைப்பவை எல்லாம் வரிசையாக, படத்தோடு, அம்புக்குறியோடு. எல்லா வரிக்கும் சிவப்பு டிக். அவள் விரல் வைத்து ஒவ்வொரு வரியாக இறங்கிக் கடைசிக்கு வந்தாள்.

'இந்த அழிவுக்கு முழுக் காரணம் துப்புரவுப் பணியாளரின் அறியாமையே. தன் தவற்றை மறைக்க அவர் தன் வீட்டாரிடம் குழாய்த் தண்ணீரின் மேல் பழி போட்டார். ஆகவே அவர் சொல்வதை ஆதாரமாக எடுத்துக்கொள்ளக் கூடாது.'

அந்த வரிக்கும் டிக் இருந்தது.

"எப்படி?" என்றார் சார்.

"நல்லா எழுதியிருக்கா சார்" என்று சொல்லிவிட்டு, அவள் இரண்டு தாளையும் கசங்காமல் பிடித்துக்கொண்டு மாடி ஏறினாள்.